சில்லு நிலத்தை விடலாகாது

கல்லும் மேடும் சேறும் நிறைந்த தரையிலே மோட்டார் சைக்கிளோட்டும் பந்தயத்தை மோட்டோகுரொஸ் என்பர். 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த போட்டியே இதற்கு வித்திட்டது. வெற்றியைத் தருவது இயந்திரத்தின் வலுவே என்று நம்மிற் பலர் எண்ணக்கூடும். நிலத்தைத் தொடாத சில்லுக்கு எத்தனை குதிரைவலு இருந்தென்ன? சில்லை நிலத்தோடு பொருத்தி வைப்பவை சுருள்வில்லும் அதனோடிணைந்த எண்ணெய்த் தணிப்பானுமாம்.

இக்காலத்து வண்டிகளிற் பின்சில்லு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் மேலுங்கீழும் அசையவல்லது. ஓட்டுபவன் தலைக்கவசமும் சப்பாத்தும் அணிந்து ஏறியதும் வண்டி 100 மில்லிமீற்றரளவு பதிதல் வேண்டும். இப்பதிவு வீணன்று, சில்லு பள்ளத்துள் இறங்குவதற்கான இடம் அதுவே. பதிவு மிகுந்தால் முன்சில்லு பாரமிழந்து வளைவிலே விலகியோடும்; குறைந்தால் பின்புறம் உயர்ந்து, வேகத்திலே கைபிடி நடுங்கும்.

வில்லின்மேலுள்ள வளையத்தை முறுக்கிப் பதிவைத் திருத்தலாம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். முறுக்குவதால் வில் கடினமாவதில்லை. ஹூக்கின் விதியைக் கற்ற மாணவர் இதனை எளிதில் உணர்வர். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அமைந்த வண்டியில் 90 கிலோ எடையுள்ளவன் ஏறுகிறான் என்க. வளையத்தை நன்றாக இறுக்கி அந்த 100 மில்லிமீற்றரைப் பெற்றுவிடலாம். அவன் இறங்கியபின் வண்டியைப் பாருங்கள். தன் சொந்தப் பாரத்தால் 30 முதல் 40 மில்லிமீற்றர் வரை பதியவேண்டிய வண்டி, பதியாது உயர்ந்து நிற்கும். வில் மிகக் கடினம் என்று கண் சொல்லும். உண்மையோ, அது அவனுக்கு மிக மென்மையானது! தாவி இறங்கும்போது வில் முழுவதுஞ் சுருங்கி அடிமுட்ட, அவ்வதிர்ச்சி மணிக்கட்டையும் முதுகெலும்பையும் சென்று தாக்கும். கடினமான வேறு வில்லைப் பூட்டுவதே பரிகாரம். விலையை எண்ணித் தயங்குவோர் வைத்தியச் செலவையும் எண்ணிப் பார்ப்பாராக.

வில்லை மாற்றியபின் அது மீளும் வேகத்தையும் திருத்துதல் வேண்டும். மெல்ல மீண்டால், அடுத்தடுத்த மேடுகளில் விரிய நேரமின்றிச் சுருங்கிக்கொண்டே போகும். விரைந்து மீண்டாற் பின்புறம் உதைத்தெழும். தணிப்பானின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

முற்காலத்தில் பின்சில்லின் இருபுறமும் இரண்டு குட்டையான வில்களே இருந்தன. பெல்ஜிய நாட்டவரான லூசியன் தில்கன்ஸ் அவற்றை நீக்கி, இருக்கையின் கீழே நீண்ட ஒற்றைத் தணிப்பானை அமைத்தார். யமஹா நிறுவனத்தார் அதனை ஏற்றனர். 1973இல் சுவீடன் வீரர் ஹாக்கன் அண்டர்சன் அத்தகைய வண்டியிலேறி 250 சீ.சீ. பிரிவில் உலகப் பட்டத்தை வென்றார்.