தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்ஜியமா?

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் கற்பிக்கிறோம். சி++ மொழியில் ஒரு மாறியை அறிவிக்கும்போதே அதன் தரவினத்தையும் சொல்லிவிட வேண்டும். முழு எண்ணுக்கென அறிவித்த மாறி கடைசிவரை முழு எண்ணையே ஏற்கும். பைத்தானில் தரவினம் பெயரோடு அல்ல, மதிப்போடு சேர்ந்தது. ஒரு வரியில் 45 என்ற எண்ணைக் குறித்த பெயர் அடுத்த வரியில் ஒரு சரத்தைக் குறிக்கலாம்.

இவ்விரு முறைகளும் சந்திக்கும் இடத்தில்தான் கவனம் தேவை. பன்னிரண்டாம் வகுப்பில் மாணவர்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு நெடுவரிசையை முழு எண் என்று அறிவித்திருந்தாலும், ‘ஏபி’ என்ற சரத்தை உள்ளிட்டால் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே மதிப்பெண் நெடுவரிசையில் 45, ஏபி, வெற்றிடம் மூன்றும் இருக்கலாம்.

இந்த அட்டவணையை ஒரு சி++ நிரல் படிப்பதாகக் கொள்வோம். மதிப்பை முழு எண்ணாகத் தரும்படி கேட்டால், 45க்கு 45 கிடைக்கும். ‘ஏபி’க்கும் வெற்றிடத்துக்கும் 0 கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. தேர்வுக்கு வராத மாணவர், தேர்வெழுதிப் பூஜ்ஜியம் பெற்றவராகிவிடுகிறார். வகுப்புச் சராசரியும் குறைகிறது. ‘45ஏ’ என்று தவறுதலாகத் தட்டச்சாகியிருந்தால் 45 மட்டும் வரும். தவறு வெளியே தெரியாது. நிரல்பெயர்ப்பியால் இதைக் கண்டுபிடிக்க இயலாது. தரவு உள்ளே வருவதற்கு முன்பே அதன் வேலை முடிந்துவிடுகிறது.

எனவே மாணவர்களுக்கு இந்த வரிசையைப் பழக்கலாம்:

1. மாற்றும் முன் மதிப்பின் தரவினத்தைக் கேட்க வேண்டும். அதற்கெனத் தனிச் செயற்கூறு எஸ்க்யூலைட்டில் உண்டு. மாற்றிய பிறகு கேட்டால் அதன் விடையை நம்ப முடியாது.

2. முழு எண் என்றால், 0 முதல் 100க்குள் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். 450 என்பதும் முழு எண்தான். ஆனால் மதிப்பெண் அல்ல.

3. ‘ஏபி’ என்றால், வரவில்லை எனத் தனியே குறிக்க வேண்டும். மதிப்பெண், வருகை என இரு உறுப்புகள் கொண்ட கட்டுரு இதற்குப் போதும்.

4. மற்ற எதுவானாலும், எந்த வரிசையில் பிழை என்று காட்டி, திருத்தச் சொல்ல வேண்டும்.

பைத்தானில் ‘ஏபி’, ‘45ஏ’ ஆகிய சரங்களை முழு எண்ணாக மாற்ற முயன்றால் உடனே பிழை எழும். ஆனால் 45.9 என்ற எண்ணை மாற்றினால் சத்தமின்றி 45 ஆகிவிடும். 45, ஏபி, 45ஏ, வெற்றிடம், 450 ஆகிய ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வரும் என முன்கூட்டியே சொல்லவைத்து, பிறகு இயக்கிக் காட்டலாம்.

நிரல் எழுதாத ஆசிரியர்களுக்கும் இது பயன்படும். எக்செல் தாளில் சராசரி காணும்போது எழுத்தும் வெற்றிடமும் கணக்கில் சேர்வதில்லை. 0 மட்டும் சேரும். வராத மாணவருக்கு 0 இடாமல் ‘ஏபி’ என்றே இடுவதுதான் சரி.