என்பீல்ட் தோட்டாவும் 1857ஆம் ஆண்டும்

1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சிக்குக் கொழுப்புத் தடவிய தோட்டாவே காரணமென மாணவர் ஒரே வரியில் எழுதிவிடுவர். அத்தோட்டா எத்தகையது, அதிற் கொழுப்பு எதற்கு, அதனைப் பல்லாற் கடித்தது ஏன் என வினவின், விடை கூறுவார் சிலரே. கிளர்ச்சிக்கு வேறு பெருங் காரணங்கள் பல இருந்தன என்பது உண்மையே. ஆயினும், இச்சிறு பொருளின் இயல்பை அறியாது அதன் தொடக்கத்தை விளங்கிக்கொள்ளல் அரிது.

1853ஆம் ஆண்டு வகை என்பீல்ட் றைபிள் முன்வாயால் மருந்திடப்படும் துப்பாக்கி. அதன் குழலின் விட்டம் 0.577 அங்குலம்; உட்சுவரிலே சுருண்டு செல்லும் மூன்று பள்ளங்கள் உண்டு. குண்டானது அப்பள்ளங்களைப் பற்றினாற்றான் சுழன்று நேரே பாயும். ஆனால், இறுகப் பற்றும் குண்டை முன்வாயால் உட்செலுத்துதல் கடினம். இம்முரண்பாட்டைத் தீர்க்கக் குழலிலும் சிறிது மெலிந்த, அடிப்புறம் குடைவான ஈயக் குண்டை அமைத்தனர். மருந்து வெடிக்கையில் எழும் வாயு குண்டின் அடியை விரியச் செய்ய, அது பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும்.

தோட்டா என்பது கையாற் சுற்றப்பட்ட காகிதக் குழாயேயாம். அதன் ஒரு முனையில் அளந்த வெடிமருந்தும் மறுமுனையிற் குண்டும் இருக்கும். சிப்பாய் ஒரு கையாற் றுப்பாக்கியைப் பிடித்து, மறுகையிலுள்ள தோட்டாவின் மருந்து முனையைப் பல்லாற் கிழிப்பான். மருந்தைக் குழலிற் கொட்டியபின், தோட்டாவைத் தலைகீழாக்கிக் குண்டைக் காகிதத்தோடு வாயில் வைத்து, எஞ்சிய காகிதத்தைக் கிள்ளியெறிந்து, இருப்புக்கோலால் உள்ளே தள்ளுவான்.

இனி, கொழுப்பு எதற்கு? கரிய வெடிமருந்து 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. அது எரிந்தபின் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாது திடப்பொருளாகவே எஞ்சும். சில முறை சுட்டதும் இக்கசடு குழலினுள் இறுகி, அடுத்த குண்டை இறங்கவிடாது தடுக்கும். குண்டைச் சூழ்ந்த காகிதத்திற் பூசிய மசகு அக்கசடை இளக்கி வழிவிடும். ஆகவே, மசகின்றி அத்துப்பாக்கி போரிற் பயன்படாது.

மசகு இன்றியமையாதது, ஆனால் அது எவ்விலங்கின் கொழுப்பு என்பதைப் பற்றி அதிகாரிகள் கவலைகொண்டிலர். பசுவின் கொழுப்பாயின் இந்துவுக்கும், பன்றியின் கொழுப்பாயின் முஸ்லிமுக்கும் அதில் வாய்வைத்தல் பெரும் பாதகம். 1857 சனவரியில் டம்டம்மிலிருந்து இவ்வையம் பரவிற்று. சிப்பாய்கள் தாம் விரும்பிய மசகைத் தாமே பூசிக்கொள்ளலாமென அம்மாத இறுதியிலேயே அரசு ஆணையிட்டது. பின்னர்ப் பல்லுக்குப் பதிலாகக் கையாற் கிழிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. ஆயின் ஐயம் அடங்கவில்லை. காகிதத்தின் மினுமினுப்பே கொழுப்புக்குச் சான்றென்றனர். மார்ச்சு 29இல் பராக்பூரில் மங்கள் பாண்டே ஆயுதமேந்தினான். ஏப்பிரில் 24இல் மீரட் நகரிலே குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்கு வழங்கப்பட்டவை புதிய தோட்டாக்களல்ல, நெடுநாட் பழகிய பழைய வகையே. எனினும், பெரும்பாலோர்க்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மே 9இல் யாவர் முன்னிலையிலும் விலங்கு பூட்டப்பட்டனர்; மறுநாள் மீரட் எழுந்தது.

பிற்காலத்திற் பிரித்தானியப் படையே விலங்குக் கொழுப்பை நீக்கித் தூய தேன்மெழுகைக் கைக்கொண்டது. எவர் சமயத்துக்கும் மாறுபடாத அப்பொருள் தொடக்கத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிறர் போற்றுவதை முன்னரே கேட்டறிதல் எளிது. நம்பிக்கை முறிந்தபின் ஆணைகளால் அதனை ஒட்டவைத்தல் அரிது. பொருள்களின் நுட்பத்தைக் கற்கும் நம் மாணவர், அவற்றைக் கையாளும் மாந்தரின் உள்ளத்தையும் உடன் கற்பாராக.