ஜீயரின் ஓலைக்கட்டுக்குப் பின்னால்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் பொற்கிழிக் கதை தெரியும். பெரியாழ்வார் மதுரைக்குப் போனார், பாண்டியன் சபையில் மற்ற மதத்துப் பண்டிதர்களை வாதில் வென்றார், உயரே கட்டியிருந்த கிழி தானாகத் தாழ்ந்து வந்தது. சரி, இந்தக் கதையை ஓலையில் ஏற்றியது யார்? எந்த ஊரில் இருந்தார்? யார் சொல்லக் கேட்டார்? இதைத் தோண்ட ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். நிஜமாகவே போய்விடும்! கதையின் கொல்லைப்புறத்தில் அத்தனை பேர் நிற்கிறார்கள்.

முதலில் ஆளைப் பிடிப்போம். பின்பழகிய பெருமாள் ஜீயர், 13ஆம் நூற்றாண்டு, திருவரங்கவாசி. காவி கட்டிய சன்னியாசி. அவர் எழுதிய 'ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம்' ஆழ்வார்கள், ஆசாரியர்கள் வாழ்க்கையைத் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளத்தில் சொல்கிறது. பிறந்த நட்சத்திரமும் திவ்விய தேசமும் மட்டும் இருக்கும் என்று நினைத்துத் திறப்பவர்களுக்கு அதிர்ச்சிதான். வாதப் போர், அரசன் கோபம், மாறுவேடம், நள்ளிரவு ஓட்டம், கண் போன கொடுமை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. புறச்சமயம் என்று தம்மவர் கருதியவற்றோடு நடந்த நீண்ட போரின் வரலாறு அது, வென்ற தரப்பிலிருந்து எழுதியது.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் தெற்கில் இன்னொரு துறவியும் இதே வேலையில் இருந்தார். வோ-து-செர்னே மடத்துப் பியேர். கத்தார்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை வழிதவறியவர்கள் என்று திருச்சபை ஒதுக்கியது. போப் மூன்றாம் இன்னசென்ட் அவர்கள்மேல் சிலுவைப் போரே அறிவித்தார். மடத்தலைவர் கீ பியேருக்கு உறவு. அவரோடு 1212இல் பியேர் போர்க்களத்துக்கே போனார், படைத்தலைவன் சிமோன் த மோன்ஃபோரின் பாசறையில் இருந்துகொண்டு எழுதினார். 1209 ஜூலை 22 அன்று பெசியே நகரம் விழுந்தபோது மகதலேனா மரியாள் கோயிலுக்குள் மட்டும் 7,000 பேர் வரை கொல்லப்பட்டதாகக் குறித்தவர் அவர்தான். அந்த நாள் மகதலேனா திருநாளாகவே அமைந்தது பொருத்தம் என்று வேறு மகிழ்ந்து எழுதினார். படிக்கையில் உடம்பு நடுங்குகிறது.

நம் ஜீயருக்குப் பாசறை கிடையாது. அவருக்கு இருந்தது ஒரு கோஷ்டி, நம்பிள்ளை கோஷ்டி. நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லி முடித்துக் கூட்டம் கலைந்தால், இது அரங்கத்து நம்பெருமாளைச் சேவித்துக் கலையும் கூட்டமா, நம்பிள்ளை கூட்டமா என்று கேட்கும்படி இருக்குமாம். அந்தக் கூட்டத்தின் நடுவில் நம் ஜீயர். நம்பிள்ளையோ இல்லறத்தார். சன்னியாசி ஒருவர் குடும்பஸ்தருக்குச் சீடராக, நிழல்போல அவர் பின்னாலேயே நடந்திருக்கிறார்! ஒருமுறை ஜீயருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. தமக்குக் குணமாக வேண்டிக்கொள்ளும்படி மற்ற வைணவர்களைக் கேட்டார். சரணாகதி செய்தவர் இப்படிக் கேட்கலாமா என்று ஊரே முணுமுணுத்தது. கடைசியில் காரணம் வெளியே வந்தது. நம்பிள்ளை காவிரியில் நீராடி எழுந்து வரும்போது பின்னால் நின்று பார்க்கும் அந்த அழகை விட்டுவிட்டு வைகுண்டம் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் தம் உபதேச ரத்தினமாலையில் இவரைப் பெயர் சொல்லி நினைத்ததும் இந்த அன்புக்காகத்தான்.

இன்னும் கொஞ்சம் உள்ளே வாருங்கள். இதே கோஷ்டியில் வடக்குத் திருவீதிப் பிள்ளை என்று ஒருவர். பகலெல்லாம் நம்பிள்ளை சொல்வதைக் கேட்பார். இரவில் வீட்டில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் ஓலையில் எழுதிவிடுவார். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் நம்பிள்ளையை வீட்டுக்கு அமுது செய்ய அழைத்தார். பெருமாளுக்குத் திருவாராதனம் செய்யப் பூஜை இடத்துக்குள் போன நம்பிள்ளையின் கண்ணில் ஓலைக்கட்டு பட்டது. பிரித்துப் பார்த்தால், அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தவை! அனுமதியில்லாமல் எழுதலாமா என்று கேட்டுக் கட்டை எடுத்துக்கொண்டார். அதுதான் இன்று 'ஈடு முப்பத்தாறாயிரப்படி' என்று வைணவ உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் உரை. பேச்சு எழுத்தாக மாறும் இடத்தில் இவ்வளவு காவல் இருந்த காலத்தில்தான் ஜீயரும் எழுத்தாணியைக் கையில் எடுத்திருக்கிறார்.

எழுத்தாணி வேலை லேசுப்பட்டதல்ல. இடக்கையில் ஓலை, வலக்கையில் இரும்பு முனை, எழுதுவதில்லை, கீறுவது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். கீறி முடித்து மேலே கரியைப் பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். 'படி' என்பது கணக்கு: 32 எழுத்து ஒரு படி. ஆறாயிரத்தைப் பெருக்கிப் பாருங்கள், 1,92,000 எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு கீறல்!

இப்போது பொற்கிழிக் காட்சிக்கு வருவோம். ஜீயர் காலத்துக்குச் சுமார் 400 ஆண்டு முந்தைய சங்கதி இது. நகர்சோதனைக்குப் புறப்பட்ட வல்லபதேவ பாண்டியன் திண்ணையில் படுத்திருந்த வழிப்போக்க அந்தணரை எழுப்பி, நல்ல வார்த்தை ஒன்று சொல்லும் என்கிறான். இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்ற மாதங்களிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள் என்கிறார் அவர். ராஜாவுக்கு உறக்கம் போய்விட்டது. புரோகிதர் செல்வநம்பியிடம் கேட்க, பரம்பொருள் எது என்று வித்வான்களைக் கூட்டி நிர்ணயிக்கலாம் என்கிறார். பொன் நிறைந்த கிழி உயரத்தில் கட்டப்படுகிறது.

அந்த நேரத்தில் வில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர், அதாவது நம் பெரியாழ்வார், என்ன செய்துகொண்டிருந்தார்? நந்தவனத்தில் மண் கொத்திக்கொண்டிருந்தார். ஊர்ப் பெருமாள் வடபெருங்கோயிலுடையான் கனவில் வந்து, போய்க் கிழியை அறுத்து வா என்கிறான். அதற்கு இவர் சொல்லும் பதில்தான் இந்தக் கதையிலேயே எனக்கு உயிர். நான் சாத்திரம் படித்தவனில்லையே, சபையில் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது, மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய கைதானே இருக்கிறது என்கிறார். ஒரு மதப் போரின் நாயகனை அறிமுகப்படுத்த ஜீயர் தேர்ந்தெடுத்த பொருளைப் பாருங்கள்! வாள் இல்லை, கொடி இல்லை. தோட்டக்காரரின் உள்ளங்கைத் தழும்பு.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. வாதம் முடிந்ததும் கிழி கட்டிய கம்பம் வளைந்து கொடுக்கிறது, ஆழ்வார் அறுத்துக்கொள்கிறார், பாண்டியன் பட்டத்து யானைமேல் ஏற்றி மதுரையை வலம் வரச்செய்கிறான். வேடிக்கை பார்க்கப் பெருமாளே கருடன்மேல் வந்துவிடுகிறார். கண் பட்டுவிடுமே என்று பதறிப்போய், யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு ஆழ்வார் திருப்பல்லாண்டு பாடுகிறார். அந்தப் பொன்னில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் எழுந்தது என்பது ஊர்ப் பேச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம். அங்கே ராஜுக்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. விஜயநகரக் காலத்து வேர்கள் அவர்களுக்கு. அவர்கள் மொழியிலும் இதே கதைக்கு ஒரு மாளிகை இருக்கிறது: கிருஷ்ணதேவராயரே 16ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஆமுக்தமால்யதா'. ராயர் வாதத்தை விரித்து விரித்து எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு அவர் எட்டிப்பார்த்த அடுப்படிதான் பிடிக்கிறது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, விறகு கிடையாது. விஷ்ணுசித்தர் வீட்டில் தேங்காய்ச் சிரட்டையை எரித்து அடியார்களுக்குச் சமைக்கிறார்கள். நல்லரிசிச் சோறு, பருப்பு, தாளித்த கறி நாலைந்து, வடகம், வற்றல், தயிர், எல்லாவற்றின் மேலும் நெய்! விஜயநகரச் சக்கரவர்த்தி வில்லிபுத்தூர் அடுக்களையில் தலையை நுழைத்து மெனு எழுதியிருக்கிறார் என்றால் சந்தோஷம் தாங்குமா?

ஜீயரின் ஓலையில் இருட்டான பக்கங்களும் உண்டு. சிவனுக்கு மேல் எவருமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்ன சோழன் கதை. ராமானுஜர் வெள்ளை உடுத்து மேற்கே தப்பிப் போகிறார். அவர் வேடத்தில் சீடர் கூரத்தாழ்வான் சபைக்குப் போகிறார், கூடவே முதியவர் பெரிய நம்பி. மறுத்ததற்கு விலை கண்கள். கூரத்தாழ்வான் தம் கண்களைத் தாமே போக்கிக்கொள்கிறார்; பெரிய நம்பியின் கண்கள் பறிக்கப்படுகின்றன, திரும்பும் வழியிலேயே உயிரும் போகிறது. இதை ஜீயர் யாரிடம் கேட்டிருப்பார்? பரம்பரையை எண்ணிப் பாருங்கள். கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டர். அவர் சீடர் நஞ்சீயர். அவர் சீடர் நம்பிள்ளை. அவர் சீடர் நம் ஜீயர். கண் போனவரின் வீட்டுக்கும் இந்த ஓலைக்கும் நடுவே மூன்றே வாய்கள்! அதிலும் நஞ்சீயர் முன்பு எதிரணி. மேல்கோட்டைப் பக்கத்து அத்வைதப் பண்டிதர். அன்னம் வாங்க நின்றவர்களோடு வந்து நின்று, எனக்கு வாதப் பிச்சை போடும் என்று கேட்ட பட்டரிடம் தோற்று இந்தப் பக்கம் வந்தவர். தோற்றவரின் நினைவும் கொஞ்சம் இந்தச் சங்கிலியில் ஓடியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மேற்கே போன ராமானுஜரைத் தொண்டனூரில் ஆயிரம் சமணர்கள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டு மடக்கினார்கள் என்பது பரம்பரைக் கதை. திரையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஆதிசேஷனாக ஆயிரம் வாயால் ஆயிரம் பேருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொன்னாராம். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனும் சமணம் விட்டு வைணவனானான் என்பது வைணவர் தரப்பு.

கல்வெட்டுகள் அந்தத் திரையை இன்னொரு பக்கத்திலிருந்து விலக்குகின்றன. விஷ்ணுவர்த்தனனின் ராணி சாந்தலை கடைசிவரை சமணர்தான். அரசனும் சமணக் கோயில்களுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆயிரம் வாய்க்குத் தோற்றதாகச் சொல்லப்பட்டவர்கள் அதே மண்ணில் பல தலைமுறை இருந்தார்கள், வைணவர்களோடு வழக்கும் நடத்தினார்கள். 1368இல் விஜயநகரப் புக்கராயரிடம் அது போனது. வைணவத் தரப்பில் வந்து நின்றவர்களில் ஜீயரின் திருவரங்கத்தாரும் உண்டு, ராமானுஜர் இருந்த மேல்கோட்டையாரும் உண்டு. புக்கர் சமணரின் கையை எடுத்து வைணவரின் கையில் வைத்தார். சிரவணபெளகொளத்துக்கு வைணவர் பொறுப்பில் 20 காவலர்கள், அதற்காகச் சமண வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு பணம் என்று முடிவானது. மிச்சமாகும் பணத்தில் பாழடைந்த சமணக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும் என்றும் சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.