திரையிலிருந்து தாளுக்கு – 6: பின்னணி வண்ணம் யாருடைய அதிகாரம்?

சென்ற வாரம், நீண்ட வலைப்பக்கம் ஒன்று தாள்களாகப் பிரியும்போது எந்த இடத்தில் முறிய வேண்டும் என்று விசாரித்தோம். அதைவிட அற்பமாகத் தோன்றினாலும், ஆராயப் புகுந்தால் அதைவிடப் பெரிய நியாயப் பிரச்சினையாக விரியும் விஷயம் ஒன்று உண்டு. திரையில் கருநீலமும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக விளங்கிய பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால், எழுத்துக்களும் கோடுகளும் புகைப்படங்களும் ஒழுங்காகத் தாளுக்கு வந்து சேர, பின்னணி வண்ணங்களும் பின்னணிச் சித்திரங்களும் மட்டும் மறைந்துபோகின்றன. இது பிரௌசரின் பிழையா, உத்தேசமா?

உத்தேசம்தான், அதுவும் நல்லெண்ணத்தில் பிறந்த உத்தேசம். ஒரு டோனர் கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கங்களுக்கு வரும் என்று சொல்லும்போது, தாளின் பரப்பில் சுமார் 5 சதவிகிதம் மட்டுமே மை படியும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது வழக்கம். பக்கம் முழுவதும் கறுப்புப் பின்னணி கொண்ட ஒரு தாளை அப்படியே அச்சிட்டால், ஏறக்குறைய 20 சாதாரணப் பக்கங்களுக்கு உரிய மை அந்த ஒரு தாளிலேயே தீர்ந்துவிடும். பக்கத்தை அலங்கரிப்பவர் ஒருவராகவும், மைக்குப் பணம் கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் நிலையில், பணம் கொடுப்பவரின் பக்கம் பிரௌசர் நின்றது முற்றிலும் நியாயமே. கறுப்பில் வெள்ளையாக எழுதிய வாசகம் பின்னணி நீங்கியதும் வெள்ளைத் தாளில் காணாமல் போய்விடாதபடி, அதைத் தானே கருமையாக்கித் தரும் விவேகமும் பிற்காலத்துப் பிரௌசர்களுக்கு உண்டு.

ஆனால் பின்னணி எல்லாமே அலங்காரம் என்ற அனுமானத்தில்தான் கோளாறு இருக்கிறது. ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திரையில் பூர்த்தி செய்து, அச்சிட்டுக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற கட்டங்களைப் பிரௌசர் இயல்பாகத் தரும் கட்டங்களாக விடாமல், அழகுக்காகப் பின்னணிச் சித்திரங்களாக அமைத்திருந்தால், அச்சில் எல்லாக் கட்டங்களும் வெறுமையாக வரும். விண்ணப்பதாரர் எதைத் தேர்ந்தார் என்ற ஒரே முக்கியமான செய்தி அந்தத் தாளில் இராது. பின்னணி வண்ணத்தால் வரைந்த பட்டை வரைபடத்தின் கதியும் அதுவே. எண்கள் நிற்க, பட்டைகள் மறைகின்றன. காலியிடத்தைப் பச்சையாலும் நிரம்பிய இடத்தைச் சிவப்பாலும் காட்டும் அட்டவணை, அச்சில் ஒரே வெண்மையாகிவிடும்.

இதற்கு மாற்றாகப் பக்கம் அமைப்பவர்கள் கையாண்ட தந்திரங்கள் எனக்குச் சம்மதமில்லை. பார்டர் கோடுகள் அச்சாகின்றன என்பதால் கோட்டையே பட்டை அளவுக்குத் தடிப்பாக்கினார்கள். கட்டத்தின் உட்புற நிழலைப் பெரிதாக்கி வண்ணம் நிரப்பினார்கள். பின்னணி வேண்டாம் என்று வாசகர் தீர்மானித்திருந்தும், அந்தத் தீர்மானம் இவற்றை எட்டுவதில்லை. அவர் அறியாமலே அவருடைய மை செலவாகிறது.

ஆக்கியோன் சொல் பெரிதா, வாசகன் சொல் பெரிதா என்ற இந்த வழக்கு, வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல் ஷீட்டின் பிறப்பிலேயே இருந்தது. 1994 அக்டோபரில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய நார்வேக்காரர் ஹோகோன் வியூம் லீ அதன் முதல் யோசனையை வெளியிட்டபோது, ஒவ்வொரு விதிக்கும் எத்தனை சதவிகிதம் செல்வாக்கு என்று குறிக்க இடமளித்து, இரு தரப்பின் விருப்பத்தையும் இணைக்க முயன்றார். சதவிகித முறை நிலைக்கவில்லை. இரு தரப்புக்கும் குரல் உண்டு என்ற கொள்கை நிலைத்தது. அதன் வாரிசாகவே ‘பிரிண்ட்-கலர்-அட்ஜஸ்ட்’ என்ற விதியை நான் காண்கிறேன். இதில் இரண்டே நிலைகள்: ‘எகானமி’ என்றால் சிக்கனம், பிரௌசர் தன் விருப்பப்படி குறைத்துக்கொள்ளலாம், ‘எக்ஸாக்ட்’ என்றால் இந்த வண்ணத்தில் பொருள் இருக்கிறது, தொடாதே. ஒன்றும் சொல்லாவிட்டால் சிக்கனமே. குரோமின் குடும்பம் இதைத் தன் முன்னொட்டோடு முதலில் ஏற்க, ஃபயர்ஃபாக்ஸ் 2016-இல் தன் 48-ஆம் பதிப்பில் வேறு பெயரில் ஏற்றது. ஆக்கியோன் எதைக் கேட்டாலும், முடிவை மாற்றும் உரிமை வாசகரிடம் இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் ஆதாரம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே பக்கம் முழுமைக்கும் ‘எக்ஸாக்ட்’ என்று எழுதிவிடுவது தனக்கு அளித்த சலுகையைத் துஷ்பிரயோகம் செய்வதாகும். அந்த வரைபடத்துக்கும் அந்த அட்டவணைக்கும் மட்டும் எழுதுவதே முறை.

பிரௌசர்களின் கடமையும் இன்னும் தீர்ந்தபாடில்லை. குரோமில் பின்னணியை அச்சிடும் தேர்வு, பிரிண்ட் சாளரத்தின் கூடுதல் அமைப்புகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்காதவருக்கு, தம் தாளிலிருந்து ஒன்று நீக்கப்பட்டது என்ற தகவலே கிடைப்பதில்லை. முன்னோட்டத்தின் அருகிலேயே ‘பின்னணி வண்ணங்கள் விடப்பட்டுள்ளன’ என்று ஒரு வரியும், அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒரு பொத்தானும் வைப்பது பெரிய காரியமல்ல. மேலும், இன்று பிரிண்ட் என்று கட்டளையிடுவோர் பலர் தாளைத் தேடுவதில்லை. பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து வைக்கிறார்கள். அங்கே மை செலவு என்பதே இல்லை. அந்தக் கோப்பு பின்னொரு நாள் அச்சுக்குப் போகக்கூடும் என்று ஆட்சேபிக்கலாம். போகட்டும், கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதா வண்ணத்திலா என்ற கேள்வி அன்றைக்கு எழும்போது பதில் சொல்லக் கோப்பில் வண்ணம் இருக்கும். சேமிக்கும்போதே விட்டுவிட்ட வண்ணத்தை எந்தப் பிரிண்டராலும் பிறகு மீட்க முடியாது. சேமிக்கும் இடம் பிடிஎஃப் என்று தெரிந்த மாத்திரத்தில், பின்னணியோடு சேமிப்பதையே பிரௌசர்கள் இயல்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.