வயது கேட்டால் வாயைத் திற

வேலூர் பக்கம் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் பொய்கை மாட்டுச் சந்தையில் யாரும் மாட்டின் பிறந்த தேதியைக் கேட்பதில்லை. தரகர் அதன் வாயைத் திறந்து ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’ என்பார், பேரம் தொடங்கிவிடும். ஆம்பூர் தோல் தொழிற்சாலை வாசலில் சுருண்டு கிடக்கும் நாய்க்கும் அதே கணக்குதான், கொஞ்ச நாளைக்கு.

சுமார் 63 நாள் வயிற்றில் இருந்துவிட்டுப் பிறக்கும் குட்டிக்குப் பல் கிடையாது. கண் மூடியிருக்கும், காதும் கேட்காது. மோப்பமும் தாயின் உடற்சூடும்தான் மடியைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் பால்பற்கள் எட்டிப் பார்க்கும். மொத்தம் 28, ஒவ்வொன்றும் ஊசி. பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய் பாதியில் எழுந்து நழுவத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். நான்காவது மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழாவது மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். நமக்கு 32தான்.

பிறகு எண்ணிப் பயனில்லை. தேய்மானத்தையும் காரையையும் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். கண்டதையும் கடிக்கும் தெருநாயின் பல் சீக்கிரம் தேய்வதால், வயதைக் கூட்டிச் சொல்லிவிடவும் வாய்ப்புண்டு.

‘நாய்க்கு ஒரு வருஷம், நமக்கு ஏழு’ என்ற வாய்ப்பாடு ஒத்துவராது. ஒரு வயதுக்குள் குட்டி போடக்கூடிய நாயும் ஏழு வயதுச் சிறுமியும் ஒன்றா? லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு மாறும் வேதிக் குறிகளை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2020இல் வேறு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு வயது நாய்க்கு நம் கணக்கில் 31. நாலு வயதுக்கு 53. அதன் பின் வேகம் குறைகிறது. ஒரே இனத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது.

மே மாத வெயிலில் அதே வாய்தான் விசிறி. வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில் மட்டுமே இருப்பதால், நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் நாய் சூட்டைத் தணிக்கிறது.

மாடு தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தி அரைக்கும். நாயின் தாடை கதவுக் கீல் மாதிரி. மேலும் கீழும்தான் போகும். கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோலாய் வெட்டித் தள்ள, துண்டு அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிடும். ஆம்பூரில் இது சாதாரண விஷயமல்ல, பிரியாணி ஊராயிற்றே! வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். மசாலாவிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

ஆகவே எச்சில் இலையை வாசலில் கொட்டாதீர்கள். வெறும் சோறு போதும். அங்கே குட்டி ஏதும் வளர்ந்தால், பால்பல் விழும் முன்பே, மூன்றாவது மாதத்தில், வெறிநோய்த் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.