அறையைக் காட்டும் படம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டார வியாபாரிகளுக்குக் கை ஓயாது. அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் விடுதியில் ஆள்; விடுதியில் ஆள் இருந்தால்தான் மளிகைக்கும் பழத்துக்கும் எண்ணெய்க்கும் ஓட்டம். மொத்த வியாபாரிகளாகிய நமது கணக்கும் அதில்தான் அடங்கியுள்ளது. எனவே, விடுதி அறையின் புகைப்படத்தைப் பற்றி மண்டிக்காரர்களுக்கு என்ன பேச்சு என்று உறுப்பினர்கள் எண்ண வேண்டாம்.

முன்பெல்லாம் வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி, நாலு விடுதி ஏறி இறங்கி, அறையைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பார். இன்று மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இருந்தபடியே செல்போனில் படம் பார்த்து முடிவு செய்கிறார்.

இதில் நாம் காணும் பெருங்குறை, அறையைப் பெரிதாக்கிக் காட்டுவது. பல செல்போன்களில் 0.5 என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி எடுத்தால் 10 அடி அறை கல்யாண மண்டபம்போல் விரியும். ஐந்து பேருக்குப் போதும் என்று நம்பி வந்த குடும்பம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டி வைக்கக்கூட இடமில்லை என்று கண்டால் வரவேற்பறையிலேயே சண்டைதான். அவர்கள் அடுத்த சீசனுக்கு வரமாட்டார்கள். நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் ஏமாற்று விளம்பரத்துக்கு இடம் தரவில்லை.

ஆகவே 1 என்ற பொத்தானிலேயே எடுங்கள். வாசல் மூலையில் நின்று, செல்போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, சாய்க்காமல் எடுத்தால் சுவர் சுவராகவே நிற்கும். ஜன்னலைப் பார்த்து எடுத்தால் அறை இருண்டுவிடும். ஜன்னல் நம் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். பிளாஷ் வேண்டாம், டைல்ஸில் பளீரென்று அடிக்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளைவிட, மேகம் மூடிய சாரல் நாளே இதற்கு நல்லது. வெளிச்சம் மெதுவாகப் பரவும். ஆனால் லென்ஸில் ஈரம் படிந்திருக்கும், துடைத்துவிட்டு எடுக்கவும்.

எதை எடுப்பது என்பதுதான் முக்கியம். துண்டை அன்னப்பறவையாக மடித்துக் கட்டிலில் வைத்து எடுக்கிறார்கள். அன்னத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வருகிறார்கள்? குற்றாலத்துக்கு வருகிறவர் பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், முடிந்தால் பழைய குற்றாலத்திலும் ஒன்று என்று நாளெல்லாம் நனைகிறவர். ஈரத்துணி காயப்போடக் கொடி எங்கே? வெந்நீருக்கு ஹீட்டர் உண்டா? கழிவறை எந்த வகை? படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா? முழங்கால் வலியுள்ள பெரியவரை அழைத்து வருகிறவர் முதலில் தேடுவது இவற்றைத்தான். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போடுங்கள். அறையின் அளவை, 10-க்கு 12 அடி என்பதுபோல், படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். தங்கியிருப்பவர்கள் படத்தில் விழக்கூடாது.

தென்காசிக் கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். கடை திறக்குமுன் ஆளில்லாமல் எடுத்த படத்தில் அலமாரிகள்தான் தெரியும். கடைப் பையன்கள் இருவரைச் சரக்கு வரிசையின் நடுவே எதிரெதிரே நிற்கவைத்து எடுத்தால், கூட்ட நேரத்தில் ஒதுங்கிப் போக வழி உண்டா என்பது வருகிறவருக்குப் புரியும்.

சீசன் முடிந்து கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வருவார்கள். அவர்களுக்குக் கட்டில் தேவையில்லை; கூடம் வேண்டும், வேன் நிறுத்த இடம் வேண்டும். கூடத்தை வெறுமையாக எடுக்காமல் பாய்களை விரித்து எடுங்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்பதைக் குருசாமி பாயை எண்ணியே தெரிந்துகொள்வார்.