பீரோ அடியில் போன பந்து! பூனை வயிற்றில் போன நூல்!!

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கோவில் வாசலிலும், சிதம்பரம் கீழவீதியிலும் பூ வாங்கிப் போகும் பூனைக்காரர்கள் கவனிக்க!

பூ வாடியதும் அதைக் கட்டிய நூல் எங்கே போகிறது? பாதி நாள் பீரோவுக்கு அடியில்தான்!

பூனைக்குட்டி உருட்டும் சின்னப் பந்தும் அங்கேதான் ஓடுகிறது. பந்தைத் தேடிப் புகும் குட்டி, அங்கே கிடக்கும் நூலையும் ரப்பர் பேண்டையும் கவ்விக்கொள்கிறது. வந்தது வினை!

துப்ப வராது

பூனை நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் வளைந்தவை. மாட்டிய நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கி, மறுமுனை உள்ளே இறங்கினால், குடல் சுருக்குப்பை மாதிரி சுருங்கிவிடும். நூல் அறுத்துக் குடலில் ஓட்டை விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

வாந்தி எடுக்கிறதா? சாப்பிட மறுக்கிறதா? வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குகிறதா? பிடித்து இழுக்கவே கூடாது! உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

காசில்லாத வழி

பீரோ, கட்டில் அடியில் உள்ள சந்தை ஒரு மரக்கட்டை வைத்து அடைத்தால் போதும்.

பிரிட்ஜை அப்படி அடைக்கக் கூடாது. சூடு வெளியேறக் காற்று வேண்டும். அதன் அடியில் நுழையாத பெரிய பந்தாகக் கொடுப்பதே சரி. பழைய டென்னிஸ் பந்து நல்லது.

உள்ளே போனதை எடுக்க முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒட்டடைக் குச்சியால் தள்ளலாம்.

ராத்திரி படுக்கும் முன் பந்துகளை எண்ணி டப்பாவில் போட வேண்டும். பூ நூல் மட்டும் மூடி போட்ட குப்பைக் கூடைக்கு!